எனக்கு வந்து சேராத மணம்

முன்வரிசையில் இருந்த மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"வந்திட்டுது மிஸ்."

நேரம் குறிக்க நான் நிறுத்தியிருந்த மாணவி பிரியங்கா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி "ஆறு செக்கன்" என்று சொல்லி வெள்ளைப் பலகையில் எழுதினாள். சற்று நேரத்தில் இரண்டாம் வரிசையில் கைகள் எழுந்தன. பிறகு மூன்றாம் வரிசை. பின்வரிசை வாங்கிலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருக்கிற டியூட்டரி அது. சனிக்கிழமை காலை. தரம் பத்து விஞ்ஞான வகுப்பு. ஃபேன்களை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். முப்பது பிள்ளைகளும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆகியிருந்த புதிது. பாதிப்பேர் பழக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு வந்து, இந்தப் பரிசோதனைக்காக மட்டும் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார்கள்.

மேசையில் ஒரு பீரிஸ், கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு. அதில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. திரவத்தின் மேற்பரப்பில் இருக்கும் துணிக்கைகள் பிரிந்து காற்றுக்குள் போகும். காற்றின் துணிக்கைகளோடு மோதி, திசை மாறி, திரும்ப மோதி, கடைசியில் பின்வாங்கில் வரைக்கும் போய்ச் சேரும். பரவல் என்ற பாடம். இருபத்தைந்து வருடமாக இதை இப்படித்தான் காட்டி வருகிறேன். ஒருபோதும் தவறியதில்லை.

கடைசி வரிசையும் கை தூக்கி முடிந்த பிறகு, அங்கிருந்த ஒரு பிள்ளை கேட்டாள்.

"மிஸ், உங்களுக்கு எப்ப வந்தது? உங்கட நேரத்தை எழுதேல்லையே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பீரிஸைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். பஞ்சுக்கும் என் மூக்குக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளிதான். இழுத்துப் பார்த்தேன். ஈரப் பஞ்சின் குளிர் மூக்கு நுனியில் பட்டது. மணம் இல்லை. குறைவாக என்றில்லை, இல்லவே இல்லை.

முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தானே போத்திலைத் திறந்தனான்" என்றேன். "எனக்குத்தான் முதல் வந்தது. சைபர் எண்டு எழுதுங்கோ."

பிரியங்கா பட்டியலின் தலையில் 'மிஸ் – 0' என்று எழுதினாள். எல்லோரும் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு

அதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன் எனக்குக் கோவிட் வந்து போயிருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்வீட்டின் பின்னறையில் பதினான்கு நாள் தனியாகப் படுத்திருந்தேன். என் கணவர் எட்வின் கதவுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டுவார். மகள் கலியாணம் முடித்து நீர்கொழும்பில் இருக்கிறாள். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

காய்ச்சல் நாட்களில் மணமும் ருசியும் போனது உண்மைதான். அது எல்லோருக்கும் போனது, எல்லோருக்கும் திரும்பியது. எனக்கும் திரும்பிவிட்டதென்று நினைத்தேன். நாக்கில் உப்புத் தெரிந்தது. புளி தெரிந்தது. கொச்சிக்காய்க் காரம் எரிந்தது. இவ்வளவும் தெரிந்தால் சாப்பாடு ருசிக்கிறது என்றுதானே நினைப்போம். சோறு கறியில் ஏதோ குறைகிறது என்று பட்டது. உடம்பு இன்னும் தேறவில்லை என்று விட்டுவிட்டேன். மூக்கில் வேறு, நாக்கில் வேறு என்று வகுப்பில் படிப்பிக்கிறவள் நான். என் உடம்பில் அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்து கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில் கைப்பையைத் திறந்து, ஓடிக்கொலோன் போத்தில், தலையிடிக்குப் பூசும் சித்தாலேப, பழைய சவர்க்காரத் துண்டு என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சித்தாலேப மூக்குக்குள் குளிர்ந்தது, எரிந்தது. மணக்கவில்லை.

கோயில் உதாரணம்

இந்தப் பாடத்தை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதை ஜெபம் மாதிரிப் பாடமாக்கினோம். 'திண்மத்தில் துணிக்கைகள் நெருக்கமாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். தத்தம் இடத்தில் இருந்தபடியே அதிரும். திரவத்தில் துணிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். வாயுவில் துணிக்கைகள் சுயாதீனமாக எல்லாத் திசைகளிலும் இயங்கும்.' இதைச் சொல்லிச் சொல்லி ஓ.எல். சோதனையில் நல்ல பெறுபேறும் எடுத்தேன். துணிக்கை என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். துணியிலிருந்து பிய்த்த நூல் என்று நினைத்த ஒரு தோழியும் எனக்கு இருந்தாள்.

படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், எங்கள் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஒரு உதாரணம் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாங்கில்களில் நெருக்கமாக இருக்கிறோம். முழங்காலில் நிற்போம், எழும்புவோம், இருப்போம், இடம் மாறமாட்டோம். அது திண்மம். பெருநாளன்று சுற்றுப்பிரகாரத்தில் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு, ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு, எப்படி வளைகிறதோ அப்படி வளைந்து போவோம். அது திரவம். கடைசி மணி அடித்த பிறகு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள். அது வாயு.

நல்ல உதாரணம்தான். வெள்ளவத்தைக்கு அதைக் கொண்டுபோன முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "கோயிலில் வரிசையாக இருப்போமே" என்று தொடங்கினேன். ஒரு பையன் எழும்பி மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"மிஸ், கோயில்ல ஒருத்தரும் வரிசையா இருக்கிறேல்லையே."

நாங்கள் சேர்ச்சைக் கோயில் என்போம். அவர்கள் முருகனுடைய வீட்டைக் கோயில் என்பார்கள். அவனுக்குத் தெரிந்த கோயிலில் சனம் வீதி சுற்றும், தேங்காய் உடைக்கும், நடுவில் பிள்ளைகள் ஓடும். அவன் கணக்கில் கோயில் பெரும்பாலும் திரவம், கொஞ்சம் வாயு. அன்றிலிருந்து திண்மத்துக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குத் தெஹிவளைப் பக்கம் போகிற கோச்சியை, சனம் நிரம்பிய ரயிலைச் சொல்லத் தொடங்கினேன். அதில் எவரும் இடம் மாற முடியாது. அதிர மட்டும்தான் முடியும். எல்லாச் சமயத்துக்கும் பொதுவான உதாரணம்.

ஏன் சொல்லவில்லை

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து எட்வினிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். எட்வினுக்கு அப்போது துறைமுகத்தில், சரக்கு விடுவிக்கும் ஒரு கம்பெனியில் வார்ஃப் கிளார்க் வேலை. எனக்குக் காய்ச்சல் வந்தது வெள்ளவத்தை வகுப்பில்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். நான் எழும்பி நடமாடத் தொடங்கிய அன்றே, "ரீட்டா, அங்க போனது காணும், இனி வேண்டாம். இங்க வீட்டில நாலு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். பிறகு நான் போனேன். "எனக்கு ஒண்டுமில்ல, நல்லா இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இப்போது மூக்கு வேலை செய்யவில்லை என்று சொன்னால், அந்தச் சொல் என்ன ஆவது?

டியூட்டரியிலும் அதே நிலைதான். அதை நடத்தும் ரவி சேர் நல்ல மனுஷன். ஆனால் பெற்றோர் அப்போது எதற்கும் பயந்தார்கள். மிஸ்ஸுக்கு இன்னும் கோவிட் வருத்தம் தீரவில்லை என்று ஒரு கதை போனால் வகுப்பு கலைந்துவிடும்.

ஆகவே நடித்தேன். எட்வின் கோப்பியைக் குடித்துவிட்டு "நல்ல மணம்" என்றால் நானும் தலையாட்டினேன். மீன்காரன் கூடையை நீட்டினால் குனிந்து மோந்து பார்த்து, "புதுசுதான்" என்றேன். கருவாடு பொரிக்கும்போது பழக்கத்தில் மூக்கைச் சுளித்தேன். இது பெரிய வேலையில்லை. மணம் தெரிகிறதா என்று யாரும் யாரையும் சோதிப்பதில்லை. இரண்டு கிழமை போனது. உண்மையைச் சொல்வதானால், நான் நடிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகத் தொடங்கியது.

ஆறு மணி

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். முன்பக்கம் ஹால், அதன் ஜன்னல் துறைமுகப் பக்கம் பார்த்தது, எப்போதும் காற்று வரும். பின்பக்கம் சமைக்கும் குசினி. குசினிக் கதவைத் திறந்தால் பலகைப்படி. படி இறங்குமிடம் கீழ்வீட்டுக் குசினி. அந்தக் கதவுகள் இரண்டும் பகலில் திறந்தே கிடக்கும். கீழ்வீட்டில் குசும் அக்கேயும் அவருடைய கணவர் சோமபாலவும் இருந்தார்கள். சோமபால துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பு வருத்தம், டொக்டர் சொன்னதால் தரையில் பாய் போட்டுத்தான் படுப்பார். குசும் அக்கே கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த சிங்களப் பெண். என்னோடு தமிழில் கதைப்பார், கோபம் வந்தால் சிங்களத்துக்குப் போவார். பத்து வருடமாக அயலவர்கள். படிக்கு மேலும் கீழுமாகக் கறிக் கோப்பைகள் போய்வரும்.

ஒரு வார நாள், பின்னேரம். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு ஹாலில் இருந்து வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படியின் அடியிலிருந்து குசும் அக்கேயின் குரல் வந்தது.

"மிஸ், கேஸ் மணக்குது நே? மேல ஒருக்கா பாருங்க."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூச்சை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை.

"இல்ல அக்கே. இங்க ஒண்டும் மணக்கல்ல."

"ஷுவர்தானே?"

"ஓம் ஓம். ரோட்டுப் பக்கமா இருக்கும்."

"ஹரி, சரி. மிஸ் சொன்னா சரி."

அவர் திரும்பிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் அடுத்த தாளை எடுத்தேன். அந்த நேரம் கோயில் மணி அடித்தது. ஆறு மணி. மணி அடித்ததும் குசும் அக்கே புத்தர் படத்துக்கு விளக்கு ஏற்றுவார். அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மணி ஓய்ந்தது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் ஒன்று உறைத்தது: பருப்பு கொதிக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஓடினேன். பருப்பு பொங்கி வழிந்து அடுப்பைச் சுற்றி நுரை காய்ந்து கிடந்தது. நெருப்பு அணைந்திருந்தது. திருகு முழுதாகத் திறந்திருந்தது.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். வெளியே வந்ததும் வாயு. அதே துணிக்கைகள்தான், இடைவெளி மட்டும் பெரிதாகிவிடும். ஒரு கோப்பைத் திரவம் நான்கைந்து வாளிகளை நிரப்பிவிடும். அது காற்றைவிடப் பாரம். கலைந்து பரவ முதல் கீழேதான் இறங்கும். முன் ஜன்னலால் வந்த காற்று அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. படி வழியாகக் கீழே போயிருக்கிறது. எத்தனையோ வருடம் படிப்பித்த விஷயம். அந்த இடத்தில் இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால் ஓடியது, அவ்வளவுதான். அடுப்பை முதலில் நிறுத்தினேனா, முதலில் கத்தினேனா என்று இன்றைக்கும் நினைவில்லை.

"குசும் அக்கே, எபா. கூர கஹன்ன எபா."

நெருப்புக்குச்சி கிழிக்க வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறேன். ஏன் சிங்களம் வந்ததென்று தெரியாது. அவருடைய காதுக்கு எது வேகமாகப் போகுமோ அது வந்திருக்க வேண்டும்.

படியால் எப்படி இறங்கினேன் என்பதும் நினைவில்லை. குசும் அக்கே புத்தர் படத்துக்கு முன்னால் நின்றார். விளக்கில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. இடக்கையில் நெருப்புப்பெட்டி, வலக்கையில் குச்சி. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண். அப்படியே அசையாமல் நின்று என்னைப் பார்த்தார். நான் பெட்டியையும் குச்சியையும் அவர் கையிலிருந்து எடுத்தேன். விரல்கள் இறுகியிருந்தன, கழற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"லைட் போடாதீங்க. ஃபேன் போடாதீங்க. அவர் எங்க?"

சோமபால பக்கத்து அறையில் தரையில் படுத்திருந்தார். கேஸ் வந்து தேங்கும் உயரத்தில். நல்ல நித்திரை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்துத் தூக்கினோம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஏசினார். ஏன் தூக்குகிறோம் என்று சொல்ல எங்களிடம் மூச்சு இருக்கவில்லை. ஒழுங்கையில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினோம். தலை இடிக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

வெறுந்தரையைக் கூட்டியது

பிறகு கேஸை வெளியேற்ற வேண்டும். கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்தோம். அது போதாது, தரையோடு கிடப்பது தானாக எழும்பி ஜன்னலால் போகாது. சோமபாலவின் பாயை நானும் குசும் அக்கேயும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, குனிந்து, தரையோடு தரையாக வாசலை நோக்கி வீசினோம். திரும்பத் திரும்ப. பார்க்கிறவர்களுக்கு, சுத்தமான தரையை இரண்டு பொம்பிளைகள் பாயால் கூட்டுகிற மாதிரித் தெரிந்திருக்கும்.

எங்கே வீசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்தான் சொன்னார்.

"இன்னும் இருக்கு. அந்த மூலையில. மேசைக்குக் கீழ."

வீசினோம்.

"இப்ப கொஞ்சம் கொறைவு. படிக்குப் பின்னால பாருங்க மிஸ்."

இந்த வாயுவுக்குச் சொந்தமாக மணம் இல்லை. கசிந்தால் மனுஷருக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் என் மூக்குக்குள்ளும் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு அது வெறும் காற்று.

அரைமணி நேரம் வீசியிருப்போம். "சரி, போயிட்டுது" என்று சொல்லி அவர் பாயைச் சுருட்டினார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஸ்ஸுக்கு மணக்கல்லயா?"

"இல்ல."

"இவ்வளவு மணத்துக்குமா?"

"கோவிட் வந்ததில இருந்து எனக்கு ஒண்டும் மணக்கிறதில்ல அக்கே. ஒருத்தருக்கும் சொல்லல்ல."

அவர் ஒழுங்கையில் கணவர் இருந்த கதிரையைப் பார்த்தார்.

"அப்ப ஏன் இல்ல எண்டு சொன்ன? தெரியாது எண்டு சொல்லலாம் நே."

நான் சுருட்டிய பாயை என் பக்கம் இழுத்து வைத்தேன்.

"நான் குச்சிய எடுத்தது மிஸ்ஸ நம்பித்தான்" என்றார். குரல் உயரவில்லை. சிங்களத்துக்கும் போகவில்லை. அவர் அப்படி ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "படிச்ச ஆள் நே, மேல இருக்கிற ஆள் நே, இல்ல எண்டா இல்லதான் எண்டு நினைச்சேன்."

அன்றைக்கு அந்த வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. எழும்பி உள்ளே போகும்போது சொன்னார்: "எட்வின் மஹத்தயாவுக்கு இண்டைக்கே சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவேன்."

மீன் குழம்பு

எட்வின் ஏழு மணிக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், வகுப்பில் சைபர் எழுதச் சொன்னது உட்பட.

அவர் குசினிக்குப் போய் அடுப்பைப் பார்த்தார். படியில் இறங்கிப் போய்க் கீழே கொஞ்ச நேரம் நின்று கதைத்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"காய்ச்சல் வந்த நாளில இருந்தா?"

"ஓம்."

"அப்ப அந்த மீன் குழம்பு?"

"எந்த மீன் குழம்பு?"

"போன கிழமை வேலைக்குக் கட்டித் தந்தாயே. பழுதாப்போயிருந்தது. மூடியத் திறக்கவே ஏலாது. அதுக்கு முந்தின கிழமை தேங்காய்ச் சம்பலும் அப்பிடித்தான்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அவர் தலையைத் தடவினார். "நீ கோவத்தில வேணுமெண்டு தாறாய் எண்டு நினைச்சன்."

"என்ன கோவம்?"

"வெள்ளவத்தைக்குப் போக வேண்டாம் எண்டு சொன்னதுக்கு. சரி, கோவம் தீருமட்டும் ஒண்டும் கதைக்காம இருப்பம் எண்டு வெளியில பாணும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டன்."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். பழுதான கறியை நான் வேண்டுமென்றே கட்டிக் கொடுப்பேன் என்று இந்த மனுஷன் நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டு, அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பின்னேரம் வந்து கோப்பி நல்ல மணம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, நானும்தானே தலையாட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தைக்குப் போக வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "நாளையில இருந்து மீனையும் பாலையும் என்னட்டக் காட்டிப்போட்டு எடு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய, வேலைக்குப் போகுமுன், பிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு கிண்ணமாக மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

கொப்பியில் திருத்தம்

சனிக்கிழமை வகுப்புக்கு முன் ரவி சேரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மிஸ், பிள்ளையளுக்குச் சொல்லவேணுமே? தாய் தகப்பன் பயப்படுவினம்."

"பிழையா ஒண்டை எழுதக் குடுத்திட்டன் சேர். திருத்த வேணும்."

அவர் யோசித்தார். "அப்ப காய்ச்சல் முடிஞ்சு எவ்வளவு நாள், இப்ப ஒருத்தருக்கும் தொத்தாது எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

சேர்த்துத்தான் சொன்னேன். அடுப்பைப் பற்றியும் சொன்னேன். முடிந்ததும் பிரியங்கா கொப்பியில் அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"அப்ப சைபரை வெட்டுறதா மிஸ்?"

"வெட்டுங்கோ."

"என்ன எழுதுறது?"

பின்வாங்கிலிலிருந்து ஒருவன், "வரேல்லை எண்டு எழுது" என்றான்.

"அதுவும் பிழை" என்றேன். "துணிக்கை வந்துதான் இருக்கும். உங்களுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்திருக்கும். எப்ப வந்தது எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாது எண்டு எழுதுங்கோ."

எழுதினார்கள். அடுத்த கிழமையிலிருந்து இரண்டு பிள்ளைகள் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். அந்தப் பரிசோதனையை இப்போதும் செய்கிறேன். நேரத்தைப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

மூக்கு டொக்டர் மருந்து தரவில்லை. நான்கு மணமுள்ள பொருட்களைக் காலையும் மாலையும் மோந்து, அதன் பெயரை மனத்தில் நினைக்கச் சொன்னார். தேசிக்காய், கராம்பு, கோப்பித்தூள், சவர்க்காரம். எட்வின் ஒவ்வொன்றாக நீட்டுவார். மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் கராம்பு மெல்லத் தெரிந்தது. இன்றைக்கு முக்கால்வாசி வந்துவிட்டது. கோப்பி மட்டும் இன்னும் எரிந்த ரப்பர் மாதிரியே இருக்கிறது. தேத்தண்ணிக்கு மாறிவிட்டோம்.

படியில்

குசும் அக்கே அந்த நாளுக்குப் பிறகு கறிக்கோப்பை அனுப்பவில்லை. நான் அனுப்பிய கோப்பை கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக. சண்டை என்று சொல்ல முடியாது. தண்ணீர் பைப்படியில் கண்டால் கதைப்பார்.

ஆனால் ஒவ்வொரு பின்னேரமும், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, படியேறி எங்கள் குசினிக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். அடுப்பைப் பார்ப்பார். திருகு இரண்டையும் விரலால் தொட்டு, மூடியிருக்கிறதா என்று அமத்திப் பார்ப்பார். குனிந்து, சிலிண்டர் இருக்கும் மூலையில் ஒருமுறை மூச்சை இழுப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய் விளக்கு ஏற்றுவார்.

முதல் நாட்களில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சில நாள் எரிச்சல் வந்தது. என் வீட்டுக்குள் வந்து என் அடுப்பைப் பரிசோதிக்க இவர் யார் என்று ஒருநாள் எட்வினிடம் கேட்டேன். "கீழ இருக்கிற ஆள்" என்றார் அவர். அதற்குப் பிறகு அந்த நேரத்துக்குக் குசினிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கத் தொடங்கினேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துப் பார்த்தேன். "வேணாம் மிஸ்" என்றார்.

மழைக்காலம் போனது. அவர்களுடைய வெசாக் போனது, எங்கள் பெருநாளும் போனது. ஒருநாளும் தவறவில்லை. இடையில் எனக்கு மணம் தெரியத் தொடங்கியதை அவரிடம் சொன்னேன். "நல்லம்" என்றார். அடுத்த நாளும் வந்தார்.

பிறகு ஒரு பின்னேரம், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வரவில்லை. சுகமில்லையோ என்று நினைத்தேன். கீழே அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. சோமபாலவுக்கு ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. நான் கதவடியில் நின்றேன். கோயில் மணி அடித்து முடிந்தது.

கீழே நெருப்புக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது.

நான் திரும்பிக் குசினிக்குள் போய், திருகு இரண்டையும் விரலால் தொட்டு அமத்திப் பார்த்தேன்.